முதல் பேரப்பிள்ளை வரப்போகிறதா? அம்மாச்சி வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது மதுரைப் பக்கம் இன்றும் மாறாத வழக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு மகள் பெட்டியுடன் வந்து இறங்கிவிடுவாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைக் கொண்டுபோய் விடும்வரை பொறுப்பு நம் தலையில். முதல்முறையாகப் பேரன் பேத்தி எடுக்கப்போகிற அம்மாச்சிகளுக்கும் தாத்தாக்களுக்கும் இது. அப்பத்தா வீட்டாருக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் தொட்டிலைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். பெற்றவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்க ஆள் இருக்காது. பிள்ளையை அவள் பார்த்துக்கொள்வாள். அவளை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் கீழே வருகிற பாதி விஷயங்கள் தானாகவே விளங்கிவிடும்.

மகள் வந்த முதல் வாரத்தில்

முதல் வேலை காகிதம். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது பன்னிரண்டு இலக்கத்தில் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். பிக்மி எண் என்பார்கள். நாளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அது வேண்டும். மாப்பிள்ளை ஊரில் பதிவு செய்திருந்தாலும், நம் பகுதி சுகாதார செவிலியரிடம் தாய் சேய் நல அட்டையைக் காட்டி, பிரசவம் இங்கேதான் என்று சொல்லிவையுங்கள். அரசாங்கத்தின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதியுள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் ரொக்கமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு. பணம் தவணையாக மகளின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்றிருந்தால் சிக்கல். அதை வயிற்றுப்பிள்ளையோடு அலைய விடாமல் தாத்தா பார்த்து முடிக்கலாம்.

அடுத்து ரத்த வகை. மகளுக்கு நெகட்டிவ், மாப்பிள்ளைக்கு பாசிட்டிவ் என்றால் டாக்டருக்குத் தெரியுமா என்று இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தை பாசிட்டிவாக இருந்தால் தாய்க்கு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அடுத்த பிள்ளைக்கு ஆபத்து வராமல் காப்பது அதுதான்.

பிறகு வீட்டில் இருமல். கேட்க என்னவோ போல் இருக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடாமல் இருந்தால், பிள்ளை வருவதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய் பெரியவர்களிடமிருந்துதான் பச்சைப்பிள்ளைக்குத் தொற்றுகிறது. பீடி, சிகரெட் பிடிக்கிற தாத்தா இருந்தால் அவருக்கும் இப்போதே ஒரு வார்த்தை. புகை சட்டையிலும் கையிலும் தங்கும். வாசலில் நின்று பிடித்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கினால் கணக்கில் சேராது என்று அவர்கள் நினைக்கிறார்கள். சேரும்.

பிறக்கும் முன்னே புதுத்துணி வாங்கக் கூடாது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. வாங்காமலே இருங்கள், நல்லதுதான். பழைய பருத்தி வேட்டி, நைந்த சுங்குடிச் சேலை இவற்றைக் கொதிநீரில் அலசி, நல்ல வெயிலில் காயப்போட்டு, சதுரமாகக் கிழித்து அடுக்கிவைத்தால் கடைத்துணி கிட்டே வராது. இருபது முப்பது துண்டாவது வேண்டும். பிள்ளை ஒரு நாளில் எத்தனை நனைக்கும் என்பது நமக்கே மறந்துபோயிருக்கும்.

மருத்துவமனைப் பையில் மகளின் ஆதார், தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். முன்பக்கம் திறக்கிற நைட்டி, ஃபிளாஸ்க், டம்ளர், போர்வை, கொஞ்சம் சில்லறை. வலி எடுத்தால் வண்டிக்கு 108. நள்ளிரவில் பக்கத்து வீட்டு ஆட்டோவை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

மருத்துவமனையில்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்துவிட வேண்டும். மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வருகிற சீம்பால்தான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து. ‘அழுக்குப்பால், பீய்ச்சிவிடு’ என்று பக்கத்துக் கட்டில் கிழவி சொன்னால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளைக்கும் இதேதான். தாயால் எழ முடியாவிட்டால் பிள்ளையைப் பக்கவாட்டில் பிடித்துக் கொடுக்க நர்ஸ் சொல்லித் தருவார். அங்கே நிற்க வேண்டியது அம்மாச்சிதான்.

இந்த இடத்தில்தான் சேனை வைக்கிற பேச்சு எழும். நல்ல குணமுள்ள பெரியவர் கையால் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைத்தால் அவர் குணம் வரும் என்பது நம்பிக்கை. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் வாயில் எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் வளர்ந்து உடம்பையே தளர வைத்துவிடும். சர்க்கரைத் தண்ணீரால் தொற்று வரும், பிள்ளை பால் குடிப்பதும் குறையும். அந்தப் பெரியவர் கையைக் கழுவிவிட்டு வந்து பிள்ளையை முதலில் வாங்கட்டும், உச்சி தொட்டு வாழ்த்தட்டும். குணம் அந்த வழியாகவும் வரும். தெருவில் கழுதையை ஓட்டி வந்து சங்கடை (பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கு) அளவுப் பாலுக்கு நூறு இருநூறு கேட்கிறவர்களையும் இதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

‘பால் பத்தலை’ என்பது பார்க்க வருகிறவர்கள் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளிலேயே மோசமானது. முதல் இரண்டு மூன்று நாள் பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும். பிள்ளையின் வயிறும் அப்போது அவ்வளவு சின்னது. அதற்குப் பிறகுதான் பால் கட்டி இறங்கும். முதல் வாரத்தில் பிள்ளையின் எடை பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். பால் போதுகிறதா என்று தெரிந்துகொள்ள அழுகையைப் பார்க்காதீர்கள், துணியைப் பாருங்கள். முதல் வாரம் கழிந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் போதுகிறது என்று அர்த்தம். போகவில்லையென்றால், எடை ஏறவில்லையென்றால், டப்பா வாங்க ஓடும் முன் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் பிள்ளை காம்பைப் பிடிக்கிற விதத்தைச் சரி செய்தாலே தீர்ந்துவிடும்.

பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி. மூன்றும் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று டிஸ்சார்ஜுக்கு முன் தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்க்கட்டும். பிசிஜி போட்ட இடக் கையில் சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் வந்து உடைந்து தழும்பாகும். அது சீழ்க்கட்டி என்று மருந்து போடாதீர்கள்.

‘பெண்ணா? பரவாயில்லை, அடுத்தது பையனா பிறக்கட்டும்’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். மகள் காதில் விழும்படிதான் சொல்வார். ‘எங்களுக்கு மகாலட்சுமி வந்திருக்கா, நீங்க காபி குடிங்க’ என்று அவரை வராண்டாவுக்குத் தள்ளிக்கொண்டு போவது தாத்தாவின் வேலை.

பிறப்புச் சான்றிதழ்: இதைத் தள்ளிப் போடாதீர்கள்

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே பதிவாளருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அவர்கள் நிரப்புகிற படிவத்தில் எழுத்துப் பிழை விழுந்தால் பிறகு திருத்த அலைய வேண்டும். அப்பா பெயர், அம்மா பெயர், இனிஷியல், ஆங்கில எழுத்துக்கூட்டு எல்லாம் ஆதாரில் இருக்கிறபடியே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொண்டுபோய் அந்தக் கவுண்டரில் கொடுங்கள். வாயால் சொல்ல வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பிள்ளை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரில்தான் பதிவு. மாப்பிள்ளை கோயம்புத்தூரில் இருந்தாலும் மதுரையில் பிறந்தால் மதுரைச் சான்றிதழ்தான். பெயர் வைக்காமலே பதிந்துகொள்ளலாம். ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வருடம் வரை அவகாசம் உண்டு. சோம்பலுக்கு அது போதும், பள்ளிக்கூடத்துக்குப் போதாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். அதனால் மகள் நம் வீட்டில் இருக்கும்போதே பெயரைச் சேர்த்துக் கையில் கொடுத்து அனுப்புவது உத்தமம். சான்றிதழ் கையில் இருந்தால் ஆதாரும் எடுத்துவிடலாம். ஐந்து வயது வரை கைரேகை கேட்க மாட்டார்கள், அம்மா அல்லது அப்பாவின் ஆதார் போதும்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு

அரசு மருத்துவமனையில் பிறந்திருந்தால் வீட்டில் கொண்டுவந்து விட 102 வண்டி உண்டு, காசு கிடையாது. பதினாறு பொருள் கொண்ட குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகமும் கொடுப்பார்கள். 2015-இல் ஆரம்பித்த திட்டம் அது. வாசலில் ஆரத்தி எடுங்கள். சுண்ணாம்பு கலந்த அந்தத் தண்ணீரை மகள் நெற்றியில் வையுங்கள், பிள்ளைக்கு வேண்டாம்.

பத்தியச் சாப்பாட்டில் நம் ஊர் அறிவு கெட்டது கிடையாது. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், வெந்தயக் களி, கருவாட்டுக் குழம்பு, பிரசவ லேகியம் எல்லாம் போடுங்கள், தாராளமாக. தப்பு எதில் என்றால் கொடுக்காமல் வைப்பதில். தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று அளந்து கொடுப்பது, பழம் குளிர்ச்சி, தயிர் சளி, காய் வாயு என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் மட்டும் வைப்பது. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் சாதாரணமாகவே அதிகம். ஒவ்வொரு தடவை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்க வேண்டும். சொல்லாமலே கொண்டுபோய் வையுங்கள். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்தோடு முடிவதில்லை, ஆறு மாதம் தொடர வேண்டும். லேகியம் சாப்பிடுகிறாளே என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

தூக்கம் எல்லாவற்றிலும் பெரிது. பால் கொடுப்பதை நம்மால் செய்ய முடியாது, மற்றதெல்லாம் முடியும். இரவு ஒரு மணிக்குப் பால் குடித்த பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் வந்ததும் துணி மாற்றி, தூங்க வைக்கிற வேலை அம்மாச்சிக்கும் தாத்தாவுக்கும் முறை வைத்து. மகள் பால் கொடுத்த அடுத்த நிமிடம் கண்ணை மூடிவிட வேண்டும். பகலில் பிள்ளை தூங்கும்போது அவளும் தூங்கட்டும். அந்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், ‘இப்பத்தான் கண் அசந்தா’ என்று திண்ணையிலேயே பேசி அனுப்புங்கள். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுவாள். சோற்றைப் பார்த்து அழுவாள், புருஷன் போனை வைத்ததும் அழுவாள். பெரும்பாலோருக்கு இது இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். அதற்குப் பிறகும் நீடித்தால், பிள்ளை மேல் ஒட்டுதலே வரவில்லை என்றால், சாக வேண்டும் போல் இருக்கிறது என்ற மாதிரிப் பேசினால், காத்து கருப்பு, திருஷ்டி என்று மந்திரிக்கக் கூட்டிப் போகாமல் டாக்டரிடம் போங்கள். சாகிற பேச்சோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேன் என்ற பேச்சோ வந்தால் இரண்டு வாரம் எல்லாம் காத்திருக்கவும் வேண்டாம், தனியே விடவும் வேண்டாம். இதற்கு மருந்து உண்டு, குணமாகும். ‘நாங்கெல்லாம் அஞ்சு பெக்கலையா’ என்ற வசனத்தை வீட்டில் யாரும் பேசக் கூடாது.

ரத்தப்போக்கு திடீரென்று அதிகமானால், காய்ச்சல், கெட்ட வாடை, பொறுக்க முடியாத தலைவலி, கண் மங்கல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே ஆஸ்பத்திரி. வலிப்பு வந்தால் 108.

குளிப்பாட்டுவது

பிறந்த அன்றே குளிப்பாட்ட வேண்டாம். உடம்பில் ஒட்டியிருக்கிற வெள்ளைப் படலம் பிள்ளையைச் சூட்டோடு வைத்திருக்கும். ஒரு நாளாவது போகட்டும். தொப்புள்கொடி ஒன்று இரண்டு வாரத்தில் காய்ந்து விழும். அதுவரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தொப்புளில் மஞ்சள், பவுடர், எண்ணெய், சாம்பல் எதுவும் கூடாது. காய்ந்தே இருக்கட்டும்.

கொடி விழுந்த பிறகு காலில் போட்டுக் குளிப்பாட்டலாம். நன்கு வெயில் ஏறியபிறகு, காற்றடிக்காத இடமாகப் பார்த்து மணை போட்டு உட்காருங்கள். தண்ணீர் ஊற்ற இன்னொருவர் வேண்டும். சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்தால் நடுவில் ஒரு வாய்க்கால் போல் பள்ளம் விழும். பிள்ளையின் தலை நம் பாதத்துப் பக்கம், கால் நம் வயிற்றுப் பக்கம். தண்ணீரை நம் முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்கு. கை பழகிப்போனதால் விரலுக்குச் சூடு தெரியாது. எண்ணெய் முன்பே தேய்த்திருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் போதும், உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, நெஞ்சிலிருந்து வெளிப்பக்கமாக, கைகால்களை மேலிருந்து கீழாக, அழுத்தாமல். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் எண்ணெய் தங்கினால் புண்ணாகும். அங்கே விரலால் வழித்து அலச வேண்டும். தலைக்கு ஊற்றும்போது இடக்கையைப் புருவத்துக்கு மேல் கூரையாக வைத்துக்கொண்டால் தண்ணீர் முகத்தில் இறங்காது. முதுகுக்குக் கவிழ்த்துப் போடும்போது முகம் நம் இரண்டு காலுக்கும் நடுவே புதையாமல் ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்குள் முடித்துத் துண்டில் சுற்றிவிட வேண்டும். காலில் போட்டுப் பழக்கமில்லாதவர்கள் பயந்துகொண்டு செய்ய வேண்டாம். அகலமான டப்பில் நான்கு விரல் தண்ணீர் போதும்.

நம் பாட்டிமார் செய்ததில் இங்கே சிலவற்றை விட்டுவிட வேண்டும். மூக்கை நீவி ஊதுவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, வாய்க்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது. பிறந்த பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு கொஞ்சம் வீங்கியிருக்கலாம், ஒரு சொட்டுப் பாலும் வரலாம். தாயின் சுரப்பு நீர் அதன் உடம்பில் இருப்பதால் வருவது. தொடாமல் விட்டால் தானே வற்றும். பிதுக்கினால் சீழ் பிடிக்கும். பெண் பிள்ளைக்கு முதல் வாரத்தில் துணியில் லேசாக ரத்தம் படுவதும் இதே காரணத்தால்தான். பதறி ஊரைக் கூட்ட வேண்டாம்.

சாம்பிராணிப் புகையைப் பூஜை அறையோடு நிறுத்துங்கள். பிள்ளையின் தலையை உலர்த்த மெல்லிய துண்டு போதும். மை கண்ணுக்குள் வேண்டாம், கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று வையுங்கள், திருஷ்டிக்கு அது போதும். வசம்பை வளையல் மாதிரிக் கோத்துக் கட்டினால் பிள்ளை வாயில் வைக்கும், அதுவும் வேண்டாம். கல்லில் உரைத்துக் கொடுக்கிற உரைமருந்து, கிரைப்வாட்டர், வெந்நீர் எதுவும் ஆறு மாதம் வரை கிடையாது. அக்கினி நட்சத்திரத்திலும் கிடையாது. தாய்ப்பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான், தாகத்துக்கு அதுவே போதும். அழுதால் ‘உரம் விழுந்திருச்சு’ என்று சேலையில் போட்டு உருட்டுகிறவர்களிடம் பிள்ளையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தக் கழுத்துக்கு இன்னும் பலம் வரவில்லை.

தொட்டில்

பழைய பருத்திச் சேலைத் தொட்டிலில் பிள்ளை அசந்து தூங்கும், உண்மை. கட்டுகிற கொக்கி பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்த்தாலும் அசையாததாக இருக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு மேல் வேண்டாம், கீழே மெத்தை விரித்திருக்கட்டும். துணி குவிந்து முகத்தில் விழாமல் தொட்டில் கம்பு போட்டு அகட்டிவிடுங்கள். தாடை நெஞ்சில் அழுந்தும்படி பிள்ளை மடங்கிக் கிடந்தால் மூச்சு அடைபடும். அதனால் ஆள் பக்கத்தில் இருக்கும் பகல் தூக்கத்துக்கு மட்டும் தொட்டில். இரவுக்குச் சமதளமான கெட்டி விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் சரி. பக்கத்தில் தலையணை, பொம்மை, தொளதொளவென்று போர்வை வேண்டாம். நாலைந்து வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பயன்படாத நேரத்தில் தொட்டிலை அவிழ்த்து மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள். முறுக்கி விளையாடிக் கழுத்தில் சிக்கிய சம்பவங்கள் நம் ஊர்ச் செய்தித்தாளில் வந்தபடிதான் இருக்கின்றன.

எதற்குப் பயப்பட வேண்டும்

விக்கல், தும்மல், தோல் உரிதல், மூக்கில் வெள்ளைப் புள்ளி, இடுப்பில் நீலத் தழும்பு, குடித்த பால் கொஞ்சம் கக்குவது, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை மஞ்சளாகப் போவது எல்லாம் சகஜம்.

மஞ்சள் காமாலை மட்டும் கவனம். இரண்டாம் மூன்றாம் நாளில் முகத்தில் லேசாக மஞ்சள் தெரிந்து இரண்டு வாரத்துக்குள் மறைவது பல பிள்ளைகளுக்கு உண்டு. பிறந்த ஒரே நாளில் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ, பிள்ளை பாலுக்கு எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ தாமதிக்கக் கூடாது. காலை வெயிலில் காட்டினால் சரியாகும் என்று நாளைக் கடத்தாதீர்கள். ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சத்தில் வைத்துச் சரி செய்கிறார்கள். விட்டுவிட்டால் மூளையைப் பாதிக்கும்.

பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு, மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு உள்ளே இழுப்பது, உடம்பு கொதிப்பது அல்லது சில்லிடுவது, வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வருவது: இவை எந்நேரமானாலும் ஆஸ்பத்திரிக்கு. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பேர் வைப்பதும் சீரும்

தீட்டுக் கழிவது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு. சிலருக்குப் பதினோராம் நாள் புண்ணியதானம், சிலருக்குப் பதினாறாம் நாள், சிலர் முப்பது கழித்து. இஸ்லாமியர் வீட்டில் ஏழாம் நாள் அகீகா, கிறிஸ்தவர் வீட்டில் ஞானஸ்நானம். எந்த நாளாக இருந்தாலும் சம்பந்தி வீட்டில் கேட்டுவிட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். காதில் மூன்று தடவை பேரைச் சொல்கிற உரிமை பல வீடுகளில் அத்தைக்கு. அவளுக்கு முதலில் சொல்லவில்லை என்ற மனக்குறை பிள்ளை கல்யாணம் வரை பேசப்படும். பிற்பாடு முடியெடுத்துக் காது குத்தத் தாய்மாமன் மடி இருக்கிறது, நம் வீட்டுப் பெருமையை அன்றைக்குக் காட்டிக்கொள்ளலாம்.

பேரை முடிவு செய்வது பெற்றவர்கள். கேட்டால் சொல்லுங்கள். குலதெய்வத்துப் பேர் விட்டுப்போகக் கூடாது என்றால், வீட்டுப் பேராக அதை வைத்துக்கொண்டு சான்றிதழில் அவர்கள் விரும்பியதை எழுதுவது சண்டையில்லாத வழி.

நகையில் வெள்ளி அரைஞாண், தண்டை, காப்பு போதும். அரைஞாணுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். வாரத்துக்கொரு தடவை பாருங்கள், பிள்ளை வேகமாகப் பருக்கும். கழுத்துச் சங்கிலி, பாசிமணி விழா முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

வருகிறவர்கள் கை கழுவாமல் தூக்கக் கூடாது, வாயில் முத்தம் கூடாது. இதை மகள் சொன்னால் திமிர் என்பார்கள், நாம் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். ஆகவே நாம்தான் சொல்ல வேண்டும். போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் முன் மகளிடமும் மாப்பிள்ளையிடமும் கேளுங்கள். தாத்தாக்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சம்பந்தி வீட்டார் வரும்போது பிள்ளையை அப்பத்தா மடியில் வைத்துவிட்டு நாம் அடுப்படிக்குப் போய்விடுவது நல்லது. கூடவே நின்றுகொண்டு ‘தலையைப் பிடிங்க, தலையைப் பிடிங்க’ என்றால் யாருக்குத்தான் பிடிக்கும். அவர்களும் பிள்ளை வளர்த்தவர்கள்தான். மாப்பிள்ளை வந்து தங்கினால் துணி மாற்றுகிற வேலையை அவரிடமே கொடுங்கள். மாப்பிள்ளையை வேலை வாங்குவதா என்று கூச்சப்பட்டால், நாளைக்கு அந்த வீட்டில் எல்லாம் மகள் ஒருத்தி தலையில்தான் விழும்.

கொண்டுபோய் விடும்போது

நல்ல நாள் பார்ப்பதோடு தடுப்பூசி நாளையும் பாருங்கள். ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் ஊசியும் சொட்டு மருந்தும் உண்டு. ஊசி போட்ட ஒன்றிரண்டு நாள் உடம்பு சுடும். அதோடு பஸ்ஸில் ஏற்ற வேண்டாம். காய்ச்சலுக்கு எத்தனை மில்லி மருந்து என்பது பிள்ளையின் எடையைப் பொறுத்தது, செவிலியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சீர்ப் பாத்திரத்துக்கு மேலே, கைக்கு எட்டுகிற பையில் தாய் சேய் அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு, பிறப்புச் சான்றிதழ், இரும்புச்சத்து மாத்திரை, பிள்ளைக்கு மாற்றுத்துணி. மகள் இரவில் எத்தனை மணிக்கு எழுகிறாள், பிள்ளை எப்போது தூங்கும் என்பதைச் சம்பந்தியம்மாவிடம் சாதாரணப் பேச்சாகச் சொல்லிவிட்டு வாருங்கள். பதினான்காவது வார ஊசி அங்கே போய்த்தான் விழும் என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று மாப்பிள்ளையை முன்பே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் புதன்கிழமை.